கறை ஏறிய மலசலகூடக் கோப்பை: தேய்த்துக் காப்பாற்றுவதா, உடைத்து மாற்றுவதா?

பாலையூற்றிலிருந்து:

பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த எங்கள் சித்தப்பாவின் வீட்டைத் திறந்தபோது, கூரையும் கிணறும் பெரிய சிக்கலைத் தரவில்லை. மலசலகூடமே வீட்டாரை இரு கட்சியாகப் பிரித்தது. குந்தியிருக்கும் பழைய வகைக் கோப்பை. தண்ணீர் நிற்கும் இடத்தில் கருங்கபிலம், அதற்கு மேலே செம்மஞ்சள், விளிம்பருகில் சாம்பல் நிறப் படிவு. கிணற்று நீரைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த அடுக்குகள் பழக்கமானவை என்பதால் மேலும் விவரிக்கவில்லை. திருகோணமலைக் கோணேசர் கோயில் திருவிழாவிற்குச் சித்தப்பா குடும்பத்தினர் கனடாவிலிருந்து வரவிருக்கிறார்கள். ஆகவே அயலில் வேலை செய்துகொண்டிருந்த மேசன் ஒருவரை அழைத்துக் காட்டினோம்.

அவர் வாசற்படியில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை, குனியவும் இல்லை. கோப்பையைப் பெயர்க்க வேண்டும், தரை ஓடுகளும் போகும், இரண்டு பேருக்கு நாட்கூலி என்று கணக்கைத் தொடங்கிவிட்டார். அந்த நேரத்தில் கிணறு இறைக்க வந்திருந்த முதியவர் கால் கழுவுவதற்காக உள்ளே போனார். போனவர் இடுப்பில் செருகியிருந்த சிறிய கத்தியின் பின்புறத்தால் கோப்பையின் ஓரத்தை மெதுவாக நெம்பினார். விரல்நகமளவு படிவு சிப்பி ஓடுபோலக் கழன்று வந்தது. அது இருந்த இடத்தில் பளிச்சென்ற வெண்மை தெரிந்தது. முதியவர் அந்தத் துண்டை மேசனின் உள்ளங்கையில் வைத்தார். மேசன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கூலிக் கணக்கை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அந்த வெண்மையைக் கண்டிருக்காவிட்டால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். அம்மாவும் தம்பியும் மாற்றிவிடச் சொல்கிறார்கள். விரல்நகமளவு வெண்மையை நம்பி முழுக் கோப்பையையும் துப்புரவாக்க இறங்கலாமா என்பதை, இத்தகைய கோப்பையோடு மல்லுக்கட்டியவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

கிண்ணியாவிலிருந்து:

தங்கச்சி, அந்த முதியவர் கெட்டிக்காரர். ஆனாலும் ஓரத்தில் தெரிந்த வெண்மையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கோப்பையின் ஓரத்தில் மினுக்கு, அதாவது பீங்கானின் மேலுள்ள பளபளப்புப் பூச்சு, எப்போதும் மிஞ்சியிருக்கும். தேய்மானம் தண்ணீர் விழும் இடத்திலும், தும்புத்தடி நாளும் உரசும் இடத்திலுமே நிகழ்கிறது.

நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதியொன்றில் பராமரிப்பு வேலைகளைக் கவனித்துவந்த காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் அறையின் கொமட் எப்போதும் தொல்லை தந்தது. விருந்தினர் வருவதற்கு முன்பு பையன்கள் அமிலம் ஊற்றித் தேய்த்து வெள்ளையாக்கிவிடுவார்கள். ஓரிரு நாட்களில் மஞ்சள் மறுபடியும் ஏறிவிடும். ஒருமுறை அங்கே தங்கிய வெளிநாட்டு மூதாட்டி என்னை அழைத்தார். முறைப்பாடு செய்யப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் தம் நாட்டில் மட்பாண்டம் வனைபவராம். கொமட்டின் உட்புறத்தைக் காகிதத்தால் உலர்த்தி, குறுக்கெழுத்துப் புதிர் நிரப்பும் பென்சிலால் அதில் ஒரு கோடு இழுத்தார். கோடு கரிக்கோடாக நின்றது. விரலால் அழுத்தித் துடைத்தும் போகவில்லை. பிறகு கைகழுவும் தொட்டியில் அதே பென்சிலால் இழுத்தார். பென்சில் வழுக்கியது, மங்கலாக விழுந்த கோடும் ஒரே துடைப்பில் மறைந்தது. அவர் வேறொன்றும் சொல்லவில்லை. வெள்ளை வெளேரென்றிருந்த கொமட்டின் நடுவில் அந்தக் கறுப்புக் கோடு நின்றதை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. எத்தனை போத்தல் அமிலத்தை அந்த ஓட்டைக்குள் ஊற்றியிருப்போம்! மினுக்கு போயிருந்ததால்தான் கோடு நின்றது. மினுக்கு போன கோப்பை நனைந்திருக்கும்போது வெள்ளையாகத் தோன்றும். காய்ந்ததும் சுண்ணாம்புச் சுவரின் மங்கலுக்குத் திரும்பிவிடும். அந்தக் கொமட்டை மாற்றினோம்.

மாற்றுவது என்று முடிவானால் சில விடயங்களைக் கடைக்குப் போவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கொமட்டின் கழிவு வாய் தரையை நோக்கி இறங்குகிறதா, பின்சுவரை நோக்கிப் போகிறதா என்பது முதலாவது. இரண்டும் வெவ்வேறு வகை, ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. தரையை நோக்கியதானால், சுவரிலிருந்து குழாயின் நடுப்புள்ளி வரை உள்ள தூரத்தை அளக்க வேண்டும், அதையும் ஓடு பதித்த சுவரின் முகப்பிலிருந்து அளக்க வேண்டும். வெறும் சுவரிலிருந்து அளந்து வாங்கிவந்த கொமட், ஓட்டின் தடிப்பும் சீமெந்தின் தடிப்பும் சேர்ந்த பின்னர் நீர்த்தாங்கி சுவரில் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். குந்தும் கோப்பையானால் வேலை இன்னும் பெரிது. அது தரைக்குள் சீமெந்தில் புதைந்திருக்கிறது. பெயர்த்தால் சுற்றியுள்ள ஓடுகள் உடையும், அதே நிற ஓடு இப்போது கிடைக்காது, பிறகு முழுத் தரையும் மாற்ற வேண்டிவரும். ஆகவே மேசன் கூறும் கூலியில் ஓடும் நீர்த்தடுப்புப் பூச்சும் அடங்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். புதிய கொமட்டின் அடிப்பாகத்தைக் கெட்டிச் சீமெந்தில் இறுக்கிவிடும் வழக்கம் இங்கே இருக்கிறது. அப்படிச் செய்தால் பின்னொரு நாள் கழற்றும்போது அது உடைந்துதான் வரும். ஆணியில் பூட்டி, ஓரத்தைச் சிலிக்கோனால் அடைக்கச் சொல்லுங்கள். ஓரத்தை அடைப்பதற்கு முன்பு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, அடியில் உலர்ந்த காகிதத்தை வைத்துக் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும்.

உவர்மலையிலிருந்து, ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர்:

கிண்ணியா நண்பர் கூறிய பென்சில் சோதனை மிகவும் சரியானது. அதை நானும் பரிந்துரைப்பேன். ஆனால் அமிலமே மினுக்கைத் தின்றுவிட்டது என்ற பொருள் தொனிக்க அவர் எழுதியிருப்பதை ஏற்க முடியாது. பீங்கானின் மேலுள்ள மினுக்கு ஒருவகைக் கண்ணாடி. கடைகளில் கிடைக்கும் மலசலகூடத் திரவங்களில் உள்ள ஐதரோகுளோரிக்கமிலம் கண்ணாடியை எளிதில் அரிப்பதில்லை. அதனால்தான் ஆய்வுகூடத்தில் அதைக் கண்ணாடிப் போத்தலில் வைத்திருந்தோம். கண்ணாடியை அரிப்பது ஐதரோபுளோரிக்கமிலம். துருக்கறை நீக்கி என்ற பெயரில் வரும் சில பொருள்களில் அந்த வகைச் சேர்வைகள் இருப்பதுண்டு, அவற்றை வீட்டிற்குள் கொண்டுவரக் கூடாது. அந்த விடுதிப் பையன்கள் அமிலத்தோடு சேர்த்துக் கம்பித் தூரிகையையும் மணற்றன்மையுள்ள தேய்ப்புத் தூளையும் பயன்படுத்தினார்களா என்று நண்பர் நினைவுபடுத்திப் பார்க்கட்டும். மினுக்கைக் கொன்றது பெரும்பாலும் அவையாகத்தான் இருக்கும்.

என்னுடைய அனுபவம் சாம்பல்தீவில் நிகழ்ந்தது. பழைய மாணவர் ஒருவரின் வீட்டிற்குக் காலையில் போயிருந்தேன். அந்த வீட்டிற்குப் புதிதாக வந்த மருமகள், இளமஞ்சளாக இருந்த கோப்பையை வெளுக்கச் செய்யலாம் என்று முதல்நாள் இரவு குளோரின் வெளிற்றும் திரவத்தை ஊற்றி ஊறவிட்டிருக்கிறார். விடிந்து பார்த்தால் இளமஞ்சள் கபிலமாகவும், தண்ணீர் மட்டத்தில் கறுப்பாகவும் மாறியிருந்தது. மாமியார் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். அந்தப் பெண் போத்தலின் எழுத்துகள் என் பக்கம் தெரியுமாறு திருப்பிப் பிடித்தபடி, தான் ஊற்றியது இதைத்தான், வேறெதையும் ஊற்றவில்லை என்று இரண்டு தடவை கூறினார். அவர் கூறியது முற்றிலும் உண்மை. குறைபாடு எதுவும் அவருடையதன்று, கிணற்று நீரில் இருந்த இரும்பிலும் மங்கனீசிலுமே விடயம் இருந்தது.

நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் இரும்பு, இறைக்கும்போது கண்ணுக்குத் தெரியாது; வாளியில் நீர் தெளிவாகவே இருக்கும். காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டதும் அது ஒட்சியேற்றம் அடைந்து, நீரில் கரையாத செங்கபில ஐதரொட்சைட்டாகப் படியும். மங்கனீசும் அவ்வாறே கறுப்பாகப் படியும். குளோரின் வெளிற்றி ஓர் ஒட்சியேற்றும் கருவி. காற்று மெதுவாகச் செய்யும் வேலையை அது ஓரிரவில் செய்து முடித்துவிடுகிறது. அழுக்கையும் பாசியையும் அது வெளுக்கும், இரும்புக்கறையை ஆழமாக்கும். அந்த வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இதை விளக்கியபோது, ஒட்சியேற்றத்தை இவ்வளவு கவனமாகக் கேட்ட வகுப்பு எனக்கு அதற்கு முன்பு வாய்த்ததில்லை.

ஆகவே பாலையூற்றுச் சகோதரி கறையின் நிறத்தை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். செம்மஞ்சளும் கபிலமும் இரும்பு. சாம்பல், வெள்ளை நிறங்களில் கரகரப்பாக இருப்பது கல்சியம் காபனேற்று, அதாவது நீரின் வன்மையால் வருவது. சிறுநீரிலிருந்து படியும் உப்புகளும் அதோடு சேர்ந்துகொள்ளும். முதியவரின் கத்திக்குக் கழன்று வந்தது இந்தச் சுண்ணாம்புப் படிவாகவே இருக்க வேண்டும், இரும்பு தனியாக அவ்வாறு ஓடாகக் கழலுவதில்லை. நகருக்குள் கந்தளாயிலிருந்து சுத்திகரித்து வரும் குழாய்நீரை மட்டும் பயன்படுத்தும் வீடுகளில் இவ்வளவு தடித்த படிவு வருவது அரிது.

துப்புரவு செய்யும் முறையைச் சொல்கிறேன். கோப்பையில் நிற்கும் நீரை அகற்றாமல் எதை ஊற்றினாலும் அது நீர்த்துப் பயனற்றுப் போகும். ஒரு வாளி நீரை வேகமாக ஊற்றினால் பெரும்பகுதி உள்ளே போய்விடும், எஞ்சியதைப் பழந்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். பின்னர் சித்திரிக்கமிலத் தூளை வெந்நீரில் கரைத்து ஊற்றி, சாய்வான பக்கங்களில் அந்தக் கரைசலில் நனைத்த துணியையோ காகிதத்தையோ ஒட்டிவைத்து, இரவு முழுவதும் விட வேண்டும். கொதிநீரை ஊற்றக் கூடாது; குளிர்ந்த பீங்கான் வெடித்துவிடலாம். சுண்ணாம்பு இருந்தால் நுரை எழும். அது காபனீரொட்சைட்டு, அஞ்ச வேண்டியதில்லை. நுரை நிற்கும்போது அமிலமோ சுண்ணாம்போ தீர்ந்துவிட்டது என்று பொருள். படிவு எஞ்சியிருந்தால் புதிதாக ஊற்ற வேண்டும். வினாகிரியும் இதையே செய்யும், ஆனால் அதில் ஏறக்குறைய 5 சதவீதம் மட்டுமே அமிலம் உள்ளது. சுண்ணாம்பு போன பின்பும் கபிலம் எஞ்சினால், கையுறை அணிந்து ஒட்சாலிக்கமிலத்தின் மெல்லிய கரைசலைப் பயன்படுத்தலாம்; அது இரும்பைப் பற்றிக் கரைத்து எடுத்துவிடும், ஆயினும் அது நஞ்சு என்பதால் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். தேய்ப்பதற்குத் தென்னம் பொச்சுமட்டையே போதும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது: அமிலத்தையும் குளோரின் வெளிற்றியையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது, ஒன்றை ஊற்றிய பின் நன்றாகக் கழுவாமல் மற்றொன்றை ஊற்றவும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். 1915 இல் போர்க்களத்தில் ஆயுதமாக வீசப்பட்ட அதே வாயுவை, சன்னலற்ற சிறிய அறைக்குள் நாமே உண்டாக்கிக்கொள்ளும் நிலை அது. 1774 இல் ஷீலே என்பவர் குளோரினை முதன்முதலாகப் பெற்றதும் கறுப்பு மங்கனீசு ஒட்சைட்டின் மீது ஐதரோகுளோரிக்கமிலத்தைச் செலுத்தித்தான் என்பதை, வகுப்பில் சொல்வதுபோல இங்கும் சொல்லிவைக்கிறேன்.

திருக்கடலூரிலிருந்து:

ஆசிரியர் ஐயா நீரைப் பற்றிக் கூறியதெல்லாம் சரி. 2004 ஆழிப்பேரலை கிணறுகளுக்குள் கடல்நீரை நிரப்பிவிட்டுப் போன பகுதி எங்களுடையது. நீரைப் பற்றி எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இருவரும் கோப்பையை மட்டுமே பார்க்கிறீர்கள், கோப்பைக்கு மேலே பார்க்கவில்லை.

என் அக்கா வீட்டுக் கொமட்டில் பின்பக்கச் சுவரின் நடுவில், மேலிருந்து கீழாக, இரண்டு விரல் அகலத்தில் ஒரு கபிலப் பட்டை இருந்தது. மற்ற இடமெல்லாம் ஓரளவு வெள்ளை. தேய்த்தால் போகும், திரும்பி வரும். மகளின் பூப்புனித நீராட்டு விழா வரவே, அத்தான் பொறுமையிழந்து புதிய கொமட் வாங்கிப் பொருத்தினார். பழைய நீர்த்தாங்கி நன்றாக இருக்கிறது என்று அதை மட்டும் மாற்றாமல் விட்டார்கள். சில மாதங்களின் பின்னர் நான் போனபோது, புதிய கொமட்டில், அதே இடத்தில், அதே அகலத்தில் மஞ்சள் கோடு தொடங்கியிருந்தது. அக்கா அதைக் கடையின் குற்றமென்று கூறி ஏசிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு எல்லோரும் படுத்த பின்பு, சமையலறையிலிருந்த சிவப்புக் கேசரிப்பொடியைக் கரைத்து நீர்த்தாங்கிக்குள் ஊற்றிவிட்டு, மின்சூளுடன் குந்தியிருந்து பார்த்தேன். யாரும் தண்ணீர் திறந்துவிடவில்லை. ஆயினும் விளிம்பின் கீழுள்ள துளையொன்றிலிருந்து சிவப்பு நூலொன்று புறப்பட்டு, வெள்ளைச் சுவரில் ஓசையே இல்லாமல் இறங்கியது. மஞ்சள் கோடு இருந்த அதே வழியில் இறங்கியது. அக்காவை எழுப்பிக் காட்டினேன். கொமட் வாங்கிய காசை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. தாங்கியின் அடியில் இருந்த இறப்பர் அடைப்பான் தேய்ந்து, இரவு பகலாக நீர் கசிந்துகொண்டிருந்தது. அந்த அடைப்பானை மாற்றிய பிறகு பட்டை திரும்பவில்லை.

பாலையூற்று அக்காவின் கோப்பைக்கு நீர்த்தாங்கி இல்லையென்றால் வாளி ஊற்றும் குழாயைப் பாருங்கள். சொட்டும் குழாயின் கீழே எந்தக் கோப்பையும் வெள்ளையாக இருக்காது.

அன்புவழிபுரத்திலிருந்து:

நான் மண்டபமொன்றில் துப்புரவு வேலை செய்பவள். இங்கே எழுதியவர்களில் நாளும் தேய்ப்பவள் நான் ஒருத்தியே என்று நினைக்கிறேன்.

மினுக்குத் தேய்வதும் கறை படிவதும் மட்டும் விடயமில்லை. மினுக்கின் அடியிலேயே கறை போய்விட்ட கோப்பைகள் இருக்கின்றன. எங்கள் மண்டபத்தில் பழைய கோப்பையொன்றைச் சரியாகத் தேய்ப்பதில்லை என்று பொறுப்பாளர் பலர் முன்னிலையில் என்னைக் கண்டித்தார். நான் கையுறையைக் கழற்றி, அவருடைய விரலைக் கோப்பையின் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் தயங்கினார், பிறகு வைத்தார். விரலுக்கு வழவழப்பாகவே இருந்தது, கரகரப்பே இல்லை. கண்ணுக்கோ மயிரிழை அகலத்தில் கபிலக் கோடுகள் வலையாகப் பின்னிக் கிடந்தன. மினுக்கில் விழுந்த நுண்ணிய வெடிப்புகளின் வழியே அழுக்குநீர் உள்ளே இறங்கியிருக்கிறது. மேலே தேய்த்து என்ன பயன்? அவர் விரலைக் கழுவிக்கொண்டு போனார். கண்டித்ததைப் பற்றி அதன் பிறகு ஒன்றும் பேசவில்லை. கோப்பை பின்னர் மாற்றப்பட்டது.

விரலுக்குத் தட்டுப்படும் கறை போகும். விரலுக்குத் தட்டுப்படாமல் கண்ணுக்கு மட்டும் தெரியும் கோடு போகாது. அடிப்பாகத்தில் வெடிப்பு ஓடி நீர் கசிந்தால் தேய்ப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், உடனே மாற்றுங்கள்.

கிண்ணியாவிலிருந்து:

ஆசிரியர் ஐயா, பையன்கள் கம்பித் தூரிகை வைத்திருந்தது உண்மை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அமிலத்தை நீங்கள் முற்றாக விடுவித்துவிட்டீர்கள். போத்தலில் பெயர்கூட ஒட்டாமல் விற்கப்படும் கடும் அமிலம் அந்தக் குளியலறையின் குழாய்களின் நிக்கல் பூச்சைக் கறுக்கச் செய்தது, ஓடுகளுக்கு இடையிலிருந்த சீமெந்தை மணலாக உதிர வைத்தது, கதவுக் கீல்கள் துருப்பிடித்தன. கோப்பை தப்பினாலும் அறை தப்பவில்லை. 2020 இற்குப் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து ஓடும் கொமட்டும் கண்டபடி விலையேறிய காலத்தில், மாற்ற வழியில்லாமல் ஊரெல்லாம் அந்த அமிலத்தைத்தான் ஊற்றியது.

தம்பலகாமத்திலிருந்து:

இரவு முழுவதும் ஊறவிடுங்கள் என்று ஆசிரியர் ஐயா எளிதாக எழுதிவிட்டார். ஒரேயொரு மலசலகூடமும், சர்க்கரை நோயினால் இரவில் பலமுறை எழும்பும் பெரியவர் இருவரும் உள்ள வீட்டில் அது எப்படி இயலும் என்பதையும் எழுதியிருக்கலாம். பகலில், பிள்ளைகள் பாடசாலைக்கும் நாங்கள் வயலுக்கும் போயிருக்கும் நேரத்தில் ஊறவிட்டே நாங்கள் சமாளித்தோம். மலக்குழியில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் உள்ளன. அமிலம் ஊற்றிய நாளில் வாளி வாளியாகத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்ததும் அதனால்தான்.

என் அனுபவம் கறையைப் பற்றியதா என்றுகூட எனக்கு இப்போது ஐயமாக இருக்கிறது. எங்கள் குந்தும் கோப்பை கறுத்துவிட்டதாக அம்மா விடாமல் முறையிட்டுவந்தார். பார்க்க அருவருப்பாக இருக்கிறது, கொமட் வைத்தால் துப்புரவாக இருக்கும் என்பார். நான் இரண்டு வார இறுதிகளைச் செலவிட்டு அதை வெள்ளையாக்கினேன். உண்மையில் நன்றாகவே வந்தது. அம்மாவை அழைத்துக் காட்டினேன். நல்லது என்றார். மறுநாள் காலை, கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருந்த இடைவெளியில், அவர் எழுவதைத் தற்செயலாகக் கண்டேன். ஒரு கையால் குழாயையும் மறுகையால் தண்ணீர் நிரம்பிய வாளியின் விளிம்பையும் பிடித்துக்கொண்டு, வாளி சரியுமோ என்று பார்த்துப் பார்த்து, பாதியில் ஒருமுறை நின்று, பிறகு எழுந்தார். முழங்கால் வலியைப் பற்றி அவர் அதுவரை ஒரு சொல்கூடக் கூறியதில்லை. கறையைப் பற்றியே கூறிவந்தார்.

அந்த வாரமே மேசனை அழைத்தோம். வெள்ளையாக்கிய கோப்பையை உடைக்கும்போது மனம் கேட்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். உடைத்த பின்பு அடிக்குழாயின் மூட்டு விலகியிருந்தது தெரிந்தது, பல நாட்களாக வந்துகொண்டிருந்த நாற்றத்திற்கு அதுவே காரணமாக இருந்தது. ஆனால் அது தெரியாமலே போயிருந்தாலும் மாற்றித்தான் இருப்போம்.

பாலையூற்றிலிருந்து:

எழுதிய அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா கூறியபடி நீரை அகற்றிவிட்டு, ஓரத்தை விட்டுவிட்டு, தண்ணீர் வந்து விழும் மிக மோசமான இடத்தில் உள்ளங்கையளவை மட்டும் தெரிந்தெடுத்து, சித்திரிக்கமிலத்தில் நனைத்த துணியை ஒட்டிவைத்தேன். நுரை நன்றாக எழுந்தது. இரண்டாம் முறை ஊறிய பின்னர் பொச்சுமட்டைக்கே படிவு சேறாக இறங்கியது. எஞ்சிய மஞ்சளுக்கு ஒட்சாலிக்கமிலம் தேவைப்பட்டது. காய்ந்ததும் தம்பியைக் கூப்பிட்டுப் பென்சிலைக் கொடுத்தேன். மாற்ற வேண்டும் என்று கூறிக்கொண்டிருந்தவர் அவர் என்பதால், கோட்டை அவரே இழுக்கட்டும் என்று நினைத்தேன். வாளித் தண்ணீர் நேராக மோதும் இடத்தில் ஒரு விரல் நீளத்திற்குக் கோடு நின்றது. மற்ற இடங்களில் துடைத்ததும் போயிற்று. மயிரிழைக் கோடுகள் இல்லை. குழாய் சொட்டுவதும் உண்மைதான், அதன் அடைப்பானை மாற்றியாயிற்று.

ஒரு விரல் நீள மங்கலுக்காக முழுத் தரையையும் உடைப்பது நியாயமாகப் படவில்லை என்று தம்பியே கூறிவிட்டார். ஆகவே குந்தும் கோப்பை இருக்கிறபடியே இருக்கும். திருவிழாவிற்கு முன்பு முழுவதையும் துப்புரவாக்கிவிடுவோம். கிணற்று நீரை நேராகப் பயன்படுத்தாமல், மேல்தாங்கியில் விழும்போது சிதறி விழச் செய்து, ஒரு நாள் தெளியவிட்டு எடுக்கலாமா என்றும் யோசிக்கிறோம். ஆசிரியர் ஐயா கூறியது சரியானால், இரும்பு கோப்பையில் படிவதற்குப் பதிலாகத் தாங்கியின் அடியில் படிய வேண்டும்.

தம்பலகாமத்து அண்ணா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிறிது நேரம் கழித்து, குளியலறையின் மறுபக்கத்தில் வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் ஒரு கொமட் வைக்க முடியுமா, சித்தப்பாவுக்கும் இப்போது வயதாகிவிட்டதல்லவா என்று கேட்டார். சித்தப்பாவுக்காக என்றே நாங்களும் வைத்துக்கொண்டோம். கிண்ணியா நானா கூறிய அளவுகளை எடுத்துவைத்திருக்கிறேன். கழிவு வாய் சுவரை நோக்கியே போக வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது.

கிண்ணியாவிலிருந்து:

சுவரை நோக்கியதானால் தரையிலிருந்து குழாயின் நடுப்புள்ளி எவ்வளவு உயரம் என்பதை அளவுங்கள். அங்கே சுவரிலிருந்து உள்ள தூரத்தை விட உயரமே முக்கியம். தரைக்கு இனிமேல் ஓடு பதிப்பதானால் அந்தத் தடிப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எழும்பும்போது பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கைப்பிடிக் குழாயை இப்போதே பதிக்கச் சொல்லுங்கள், ஓடு பதித்த பின்னர் துளையிட்டால் ஓடு வெடிக்கும். அந்த அறையின் கதவு உட்பக்கம் திறப்பதானால் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிவிடுங்கள் தங்கச்சி. வயதானவர் உள்ளே சரிந்து கதவை அடைத்துக்கொண்டு விழுந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது.